நூற்றில் ஐந்து

காசிமேட்டில் விடியற்காலை மூன்றரை மணிக்குச்
சந்தேகப்படுவது என் வேலை.
தினக்கூலிதான்.
கைவிளக்கு, சொட்டு மருந்து, தாள் துண்டுகள் ஐம்பது.
செவுளைத் தூக்கித் தேய்த்து
அறுபது எண்ண வேண்டும்.
ஃபார்மலின் இருந்தால் தாள் ஊதாவாகும்.
இல்லாவிட்டால் வெள்ளையாகவே
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்தக் கூடையையும் நல்ல கூடை என்றே தொடங்கு,
பயிற்சியில் சொன்னார்கள்.
அந்த நினைப்பைத் தாள் உடைக்கட்டும்.
உன் மூக்கு உடைக்கக் கூடாது,
விற்பவள் வாயும்.

பெட்டியின் அடியில் நெத்திலி முள் மாதிரி எழுத்தில்
இன்னொன்றும் இருந்தது:
மருந்தே படாத நூறு மீனில்
ஐந்துக்கு ஊதா காட்டக்கூடும்.

படித்தபோது பெரிதாகத் தெரியவில்லை.
நூற்றில் ஐந்து.
கண்டக்டர் தராமல் விட்ட சில்லறை.

செவ்வாய்க்கிழமை அது
தேசம்மா என்ற பெயரோடு வந்தது,
ஒரு கூடை சங்கராவைச் சுமந்துகொண்டு.

இரண்டு மணிக்கு அவள் தம்பியின் ஃபைபர் போட்டில்
இறங்கிய மீன்.
கண் மங்கவில்லை. ஐஸ்கூடப் படவில்லை.
ஐம்பத்து மூன்று எண்ணும்போதே
தாளின் ஓரம் கத்திரிப்பூ நிறம்.

“இன்னா தாளுப்பா இது?
செவுளப் பாரு, ரத்தம் இன்னும் காயல.
தாளு பொய் சொல்லாதா?”

சொல்லும் என்று சொல்ல
என் அடையாள அட்டையில் இடமில்லை.
பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன்.
சிவந்த மீன்கள்மேல் வெள்ளை விழுவதை
அவள் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அதிகாரி ஜெபசிங்
புது விதி கொண்டுவந்தார்:
நல்ல அடர் ஊதாதான் ஊதா,
வெளிறியது எல்லாம் வெள்ளைக் கணக்கு.
சண்டை நின்றது. டீயைச் சூடாகக் குடிக்க முடிந்தது.
எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

வியாழன் ஒரு லாரி வந்தது.
எந்தக் கடல், எத்தனை நாள் என்று
யாரும் சொல்லாத வஞ்சிரம், பதினோரு பெட்டி.
தாளில் ஒரு சாயல்,
நகத்தில் விடுபட்ட பழைய பாலிஷ் போல.
‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதினேன்.
ஏலக்காரர் உரக்கப் படித்தார்:
“மருந்து இல்ல!”

நான் எழுதியதற்கும் அவர் படித்ததற்கும் நடுவே புகுந்து
பெட்டிகள் கிளம்பிவிட்டன
கொருக்குப்பேட்டைக்கு, வியாசர்பாடிக்கு, எந்த வீட்டுக்கோ.

முதல் தவறு இடுப்பில் கூடையோடு
சண்டைக்கு வரும்.
இரண்டாம் தவறு குழம்பாகும்.
அதைச் சாப்பிட்ட ஒருவரும்
என்னைத் தேடி வரப்போவதில்லை.

கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தினால் தேசம்மா,
அந்தப் பக்கம் நகர்த்தினால் முகமில்லாத யாரோ.
இரண்டையும் ஒன்றாகக் குறைக்கக்
கூடைக்கு நாலைந்து தாள் கேட்டேன்.
“ஒரு தாள் என்ன விலை தெரியுமா?” என்றார் ஜெபசிங்.
தெரியும்.
ஒரு கூடை சங்கராவின் விலையும் தெரியும்.

சனிக்கிழமை தேசம்மா தானே வந்து
கூடையை என் காலடியில் இறக்கினாள்.
“பாரு.”

சட்டைப் பையில் என் காசில் வாங்கிய தாள்கள்.
வெள்ளை வரும்வரை தேய்த்துக்கொண்டே இருக்கலாம்,
எப்படியும் ஒரு வெள்ளை வந்துவிடும்.
அது சோதனை இல்லை,
பாவமன்னிப்பு.

அதனால் தொடுவதற்கு முன்பே சொன்னேன்:
மூன்று தாள்.
இரண்டாவது ஊதாவானால்தான் ஊதா.
அப்புறம் பேச்சு மாறக் கூடாது,
நீங்களும், நானும்.

“அதுலயும் பொய் வருமா?”

“வரும். கொஞ்சம் கம்மியா வரும்.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
“எண்ணு” என்றாள்.
அவளும் உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

நான் நாற்பதில் இருந்தபோது
அவள் அறுபதைத் தாண்டியிருந்தாள்.